உயரத்தை உள்ளடக்கமே சொல்லட்டும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் கிடைத்தன. நான் நலம். இப்போதெல்லாம் நானாகக் கோட் எழுதுவதைவிடப் பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பதே மிகுதியாகிவிட்டதால், உங்கள் இணையதளத்தின் அறிவிப்புப் பக்கத்தையும் அதன் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். கோடையும் பிரித்துப் பார்ப்பது மகிழ்ச்சியாகவே இருந்தது.

சிறிய அறிவிப்புகள் இருக்கும்வரை ஒழுங்காகத் தெரியும் பக்கம், டேட்டாபேஸிலிருந்து நீண்ட அறிவிப்பு ஒன்று வந்தவுடன் அடுத்த பெட்டியின் மீதும் பக்கத்தின் அடிப்பட்டையான ஃபுட்டரின் மீதும் ஏறிக்கொள்கிறது என்றால், குற்றம் அறிவிப்பின் நீளத்தில் இல்லை. அது எவ்வளவு நீளும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டதில்தான் இருக்கிறது. அறிவிப்புப் பெட்டிக்கு ஹைட் (உயரம்) 220 பிக்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்குள் அடங்காததை என்ன செய்வது என்று சொல்லும் ஓவர்ஃப்ளோவின் இயல்பான மதிப்பு விசிபிள் (அப்படியே காட்டு) என்பதால், எழுத்து பெட்டியைத் தாண்டி வெளியே வழிகிறது. அடுத்த பெட்டியோ அதைப் பொருட்படுத்தாமல் அந்த 220 பிக்சல் கணக்கிலேயே தொடங்குகிறது. ஃபுட்டருக்குக் கொடுத்திருக்கும் பொசிஷன் அப்சொல்யூட் (ஓரிடத்தில் தனியே பொருத்துவது) இதைவிடக் கடினமான சிக்கல்: அது பக்கத்தின் இயல்பான ஓட்டத்திலிருந்தே விலகிவிடுவதால், மேலே எது வளர்ந்தாலும் நகராது.

நீங்கள் முயன்றுபார்த்த இசட்-இண்டெக்ஸ், எது மேலே தெரிய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். மோதல் அப்படியே இருக்கும். வழிவதை மறைத்துவிடும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் அதைவிட மோசம் என்பது என் கருத்து, ஏனெனில் பக்கம் அழகாகிவிட்டதுபோல் தோன்றும், ஆனால் அறிவிப்பின் கடைசி வரிகளை யாருமே படிக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்டால் உயரத்தை அளந்து ஒதுக்கலாம் என்ற யோசனையையும் கைவிடுங்கள்; எழுத்துரு தாமதமாக வந்தாலும், படம் ஏறினாலும், திரையின் அகலம் மாறினாலும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும், அந்தக் கணக்கைத்தான் பிரவுசர் கேட்காமலேயே போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஹைட்டை மின்-ஹைட்டாக (min-height, குறைந்தபட்ச உயரம்) மாற்றுங்கள். ஃபுட்டரிலிருந்து அப்சொல்யூட்டை எடுத்துவிடுங்கள். பக்கம் முழுவதையும் தாங்கும் பாடியை கிரிட்டாக்கி (வரிசைகளும் நெடுவரிசைகளுமாகப் பிரித்து), மின்-ஹைட் 100விஎச் (திரையின் முழு உயரம்) கொடுத்து, தலைப்பு, உள்ளடக்கம், ஃபுட்டர் என்ற மூன்று வரிசைகளுக்கும் முறையே ஆட்டோ (தேவையான அளவு), 1எஃப்ஆர் (மிஞ்சிய இடம்), ஆட்டோ என்று எழுதினால், உள்ளடக்கம் குறைவாக இருக்கும்போது ஃபுட்டர் திரையின் அடியில் நிற்கும், கூடும்போது தானே கீழே தள்ளப்படும். முக்கிய பிரவுசர்கள் பலவும் 2017இலேயே கிரிட்டை ஏற்றுக்கொண்டுவிட்டன. பெட்டிகளை ஓரம் ஒதுக்கும் ஃப்ளோட்டும் அவற்றுக்குக் கீழே இறக்கும் கிளியரும் வைத்து நாம் அன்று போட்ட வித்தைகள் இனித் தேவையில்லை. பழைய ஃப்ளோட் எங்கேனும் மிஞ்சியிருந்தால், அதைச் சுற்றியுள்ள தாய்ப்பெட்டி அதைத் தன்னுள் அடக்கிக்கொள்ள டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் போதும்.

அகலத்திலும் இதே தொல்லை உண்டு. கிரிட்டில் 1எஃப்ஆர் என்று எழுதும்போது அதன் குறைந்தபட்ச அளவு ஆட்டோவாக இருப்பதால், இடைவெளியே இல்லாத நீண்ட இணைப்பு ஒன்று அந்த நெடுவரிசையையே அகட்டிவிடும். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைச் சொல்லும் மின்மேக்ஸில் பூஜ்யமும் 1எஃப்ஆரும் கொடுத்து, எழுத்துக்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் (எங்கு வேண்டுமானாலும் வரியை உடைக்கலாம்) சேர்த்துவிடுங்கள். கிரிட்டுக்குப் பதில், பெட்டிகளை ஒரே திசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸாக இருந்தால் உள்ளிருக்கும் உறுப்புக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம். படங்களுக்கு அகல உயரங்களை எச்டிஎம்எல்லிலேயே குறிப்பிட்டால், அவை ஏறும்போது எழுத்து குதிக்காது.

அப்சொல்யூட்டை முற்றிலும் வெறுக்கச் சொல்லவில்லை. பெட்டியின் மூலையில் "புதியது" என்று ஒட்டும் சிறு அடையாளத்துக்கு, தாய்ப்பெட்டியின் பொசிஷன் ரிலேட்டிவாக இருக்கும்வரை, அது மிகப் பொருத்தமானது.

மாற்றிய பிறகு வெற்று அறிவிப்பு, ஒரு வரி, பத்துப் பத்திகள் என்று மாற்றி மாற்றி இட்டுப் பாருங்கள். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கியும் பாருங்கள், அந்த அளவுவரை உள்ளடக்கம் சிதையக் கூடாது என்று வலை அணுகல் வழிகாட்டியும் (WCAG) கேட்கிறது. இத்தனைக்குப் பின்னும் இடப்பக்கத் தலைப்பு மட்டும் மேலேறினால், அங்கே எதிர்மறை மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியின் சி.எஸ்.எஸ்.ஸை அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்