ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சருக்கு: குளிர்கால ரயரைக் கட்டாயமாக்குங்கள்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலம் நெருங்கும்போதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எனக்கு மனப்பாடம். பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், மறை 40 பாகையிலும் உறையாத கண்ணாடி கழுவும் நீரை நிரப்புங்கள், கூரையில் கிடக்கும் பனியையும் வழித்துவிட்டுப் புறப்படுங்கள், காருக்குள் போர்வையும் பனி அள்ளும் சவலும் வைத்திருங்கள், மெதுவாக ஓடுங்கள். எல்லாம் நல்ல அறிவுரைகள்தான். என் அக்கா இவற்றில் ஒன்றையும் விட்டதில்லை. குளிர்கால ரயரும் நவம்பரிலேயே பூட்டிவிடுவார்.

அந்த அக்காவைத்தான் கடந்த பெப்ரவரியில் பின்னால் வந்த கார் இடித்தது. ஸ்காபரோவில் மோர்ணிங்சைட் வீதி ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சரிவு உங்கள் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் வாகனங்கள் நின்றதால் அக்காவும் நின்றார். அவருடைய கார் சொன்ன இடத்தில் நின்றது. பின்னால் வந்தது நிற்கவில்லை. ஓட்டி வந்தவர் ஊரிலிருந்து வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் தம்பி. "பிரேக்கை முழுக்க அமத்தினன் அக்கா, கார் நிக்கேல்லை" என்று நடுங்கிக்கொண்டு சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. நான்கு பருவத்துக்கும் என்று விற்கப்படும் சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே போகப்போக இறுகத் தொடங்கிவிடும். இறுகிய இறப்பர் உறைந்த தெருவைப் பிடிக்காது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்த வேண்டியது ரயர்.

அந்தத் தம்பியின் ரயரில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ரயரின் பிடிமான வெட்டுகள் 1.5 மில்லிமீற்றர் ஆழம் இருந்தால் எங்கள் மாகாணத்துக்குப் போதும். ஜனவரியா ஜூலையா என்று சட்டம் கேட்பதில்லை.

அக்கா முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவர். படுக்கையிலிருந்து ஆட்களைத் தூக்கி இருத்துவதும், குளியலறைக்குக் கொண்டுபோவதும், திரும்பப் படுக்க வைப்பதும் அவருடைய வேலை. அதற்குத் தோள் வேண்டும். இடித்த அதிர்ச்சியில் போனது வலது தோள். இன்றும் அந்தக் கையைக் காதுக்கு மேலே உயர்த்த முடியவில்லை. தலை வாரி இழுக்க மகள் வர வேண்டும். வேலைக்குத் திரும்பினால் பாரம் தூக்காத வேலை வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். அந்த இல்லத்தில் அப்படி ஒரு வேலை இல்லை. குளிருக்கு ஆயத்தமாக இருங்கள் என்று சொன்னீர்கள், இருந்தார். பின்னால் வருபவரின் ரயரை அவர் எப்படி மாற்றுவார்?

ஐயா, 1976 ஜனவரி 1ஆம் திகதி கனடாவிலேயே முதன்முதலாக இருக்கைப் பட்டியைக் கட்டாயமாக்கிய மாகாணம் நம்முடையது. பட்டி, அதைக் கட்டியவரைத்தான் காக்கும். ரயர் முன்னால் நிற்பவரையும் வீதியைக் கடப்பவரையும் சேர்த்துக் காக்கும். முதலாவதைச் சட்டமாக்கிய நாம் இரண்டாவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருப்பது எனக்கு விளங்கவில்லை. கியூபெக் 2008இலேயே சட்டமாக்கிவிட்டது. அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். மீறினால் 200 டொலருக்குக் குறையாத அபராதம். எங்கள் ஒட்டாவாவிலிருந்து பாலத்தைக் கடந்தால் கியூபெக்கின் கற்றினோ நகரம். இரண்டு கரையிலும் விழுவது ஒரே பனி. ஒரு கரையில் சட்டம், மறு கரையில் அறிவுரை.

2016இலிருந்து குளிர்கால ரயர் பூட்டுபவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, அக்காவுக்கும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிறு கழிவுக்காக ஒருவர் 800, 1000 டொலர் செலவழிக்க மாட்டார். வாடகைக்குப் பேஸ்மென்றில் இருக்கும் அந்தத் தம்பியிடம் அவ்வளவு காசும் இல்லை, கழற்றிய நான்கு ரயரை வைக்க இடமும் இல்லை. ஸ்காபரோ அடுக்குமாடிகளில் பல்கனியில் ரயர் வைத்தால் நிர்வாகம் கடிதம் போடுகிறது. சட்டம் கொண்டுவந்தால் ஏழைகளுக்குப் பாரம் என்பதும் உண்மைதான். அதனால்தான் சட்டத்தோடு உதவியும் கேட்கிறேன். 2025 தொடக்கத்தில் வருமான வித்தியாசம் பார்க்காமல் ஆளுக்கு 200 டொலர் காசோலை அனுப்பிய அரசுக்கு, தேவையானவர்களுக்கு மட்டும் ரயருக்குக் கைகொடுப்பது பெரிய காரியம் அல்ல.

அப்புறம் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான அந்த றோட் ரெஸ்ற். பனியே காணாத ஒருவர் ஆகஸ்ட் மாதத்தில் பரீட்சையில் தேறி, டிசம்பரில் நெடுஞ்சாலை 401இல் பார ஊர்திகளுக்கு நடுவே தனியாக ஓடலாம். வழுக்கும் தெருவில் எவ்வளவு தூரம் விட்டு ஓட வேண்டும் என்பதை அவர் ஓடிக் காட்ட வேண்டியதில்லை. வெயில் நாட்டிலிருந்து இத்தனை பேரை வரவேற்கும் மாகாணம், பனியில் ஓடப் பழக்கிவிடும் பொறுப்பை யாரிடம் விட்டிருக்கிறது? நண்பர்களிடமும் மச்சான்மாரிடமும் விட்டிருக்கிறது. இதைக் கோபமில்லாமல் எழுத எனக்கு முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது இதுதான். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை ஒன்ராறியோவில் குளிர்கால ரயரைக் கட்டாயமாக்குங்கள். குறைந்த வருமானக்காரருக்கு உதவித் திட்டத்தை அதனுடனேயே அறிவியுங்கள். வடக்கே நெடுஞ்சாலை 11, 17 பக்கம் இருப்பவர்களிடமும் கேளுங்கள், எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த குளிர்காலத்துக்கு முன் சட்டமூலம் சபைக்கு வருமா, வராதா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறியத் தாருங்கள்.

பணிவுடன்,
ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு சாரதி