நெடுந்தீவு வெளி சும்மா கிடக்கிற காணி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கார்த்திகை வரப்போகுது, மரநடுகையும் தொடங்கிடும், நல்ல விசயம், நானும் வருசா வருசம் நடுறனான். ஆனா போன மாதம் அம்மான்ர ஊருக்குப் போக குறிகட்டுவானில படகுக்கு நிக்கேக்க ஒருத்தர் சொன்னார், நெடுந்தீவில சும்மா கிடக்கிற வெளி முழுக்க மரம் நட்டா தீவே சோலையாகிடும் எண்டு. எனக்கு மனசு கேக்கேல்ல.

இங்கிலாந்தில மகளிட்ட போனநேரம் பிரைட்டன் பக்கம் கடலுக்குக் கிட்ட காசில் ஹில் எண்ட குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அது அரசாங்கம் பாதுகாக்கிற புல்வெளி. அடியில முழுக்க வெண்கட்டிப் பாறை, மேல மெல்லிசா மண், மழை பெஞ்சா உடன கீழ இறங்கிடும், பசளையும் குறைவு. அதாலதான் ஒரு புல்லு மற்றதை அமத்தி வளர ஏலாது, இப்பிடிப்பட்ட தரையில ஒரு சதுர மீற்றருக்குள்ளயே 30, 40 வகைச் செடி நிக்குமாம். அதைக் காப்பாத்திறது வேலி இல்லை, மேய்ச்சல். 1950களில நோய் வந்து அங்கத்தை முயலுகள் செத்துப்போக, கடிக்க ஆளில்லாமல் இப்பிடி எத்தனையோ வெளியைப் பற்றை மூடிப்போட்டுது. அடோனிஸ் நீலம் எண்ட வண்ணத்துப்பூச்சியும் அதோட குறைஞ்சுது, ஏனெண்டா அதின்ர புழு ஒரேயொரு செடியைத்தான் தின்னும், அதுவும் புல்லு கட்டையா நிண்டு தரையில வெயில் பட்டாத்தான் சரிவரும். இப்ப செம்மறியை விட்டு மேய்க்கினம், முளைச்ச பற்றையை ஆள்வைச்சு வெட்டுகினம்.

நெடுந்தீவுக் கல்லு வேற, எங்கடது பவளக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். ஆனா மண் அதே மாதிரி மெல்லிசு, மாரிக்கு புல்லு எழும்பும், கோடைக்குக் காஞ்சு கிடக்கும், அந்தக் காஞ்ச கோலத்தைப் பாத்துத்தான் சனம் வெறுங்காணி எண்டு நினைக்குது. வெள்ளைக்காரர் விட்டுப்போன மட்டக்குதிரையளும் எங்கட மாடுகளும் அதிலதான் சீவிக்குது. 2015இல தேசிய பூங்கா எண்டு அறிவிச்சதும் அந்தக் குதிரையளுக்காகத்தானே. அதில மரத்தை நிரப்பினா அதுகள் எங்க போய் மேயிறது?

மரம் நடுங்கோ, றோட்டோரம், வளவுகளுக்குள்ள, கோயில் வீதியில நடுங்கோ, பனங்கொட்டை போடுங்கோ. வெளிக்குத் தேவை மரக்கண்டு இல்லை, ஆடி ஆவணியில தண்ணி. கோடையில தண்ணியில்லாமல் குதிரை செத்துக்கிடந்ததை ஊர்ச்சனம் கண்டிருக்கு. இந்தமுறை தீவுக்குக் கண்டு ஏத்திற சங்கங்கள் முதல்ல அங்க மாடு வைச்சிருக்கிற ஆக்களோட கதைச்சு, அந்தக் காசில பாதியையாவது வைகாசிக்கு முதல் தண்ணித்தொட்டி கட்டக் குடுக்கோணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்.

வாசகர் ஒருவர்,
வேலணை