தம்பியை மீட்டுத் தந்தவர்களுக்கு

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பக்கம் பனிச்சரிவில் புதையுண்ட எங்கள் தம்பி இப்போது எழுந்து நடக்கிறான். வெள்ளவத்தையிலிருந்து அம்மாவும் நானும் இந்த நன்றியை எழுதுகிறோம்.

முதல் நன்றி அவனோடு பனிச்சறுக்கப் போன நண்பர்களுக்கு. முழுதாகப் புதைந்த ஒருவருக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு மூச்சடைத்துப் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள். ஹெலிகொப்டர் எவ்வளவு விரைந்தாலும் அதற்குள் வந்து சேர்வது அரிது. பக்கத்தில் நிற்பவர்தான் காப்பாற்ற வேண்டும். நீங்கள் காப்பாற்றினீர்கள்.

உடம்போடு கட்டியிருந்த சமிக்ஞைக் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றி, பனியோடு ஒட்டிப் பிடித்து, அவை காட்டும் தூர எண் ஆகக் குறைந்த இடத்தைக் கண்டுபிடித்தீர்கள். நீளக் கம்பியால் குத்திப் பார்த்தீர்கள். கம்பி அவன் முதுகில் தட்டியதும் அதை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து சவளால் உள்நோக்கி வெட்டிக்கொண்டு போனீர்கள். ஓடி நின்ற சரிவுப் பனி கொங்கிறீட் மாதிரி இறுகிவிடுமாம், கையால் கிளற முடியாதாம். முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் அடைத்திருந்த பனியைத்தான் முதலில் எடுத்தீர்கள். கை கால் எல்லாம் அப்புறம். இதைக் கேட்டுவிட்டு அம்மா அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. உங்களுக்கு இதையெல்லாம் பழக்கிய பயிற்றுநருக்கும் எங்கள் கும்பிடு.

பிறகு வந்து அவனை மலையிலிருந்து இறக்கிய தேடல் மீட்புக் குழுவினருக்கு நன்றி. அந்த மாகாணத்தில் அவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள், மீட்டதற்குக் காசும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரித் தாதியருக்கும் நன்றி.

இங்கே, இரவிரவாக எங்களோடு விழித்திருந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், டொக்டர்மார் சொன்னதை அம்மாவுக்கு விளங்கப்படுத்திய தம்பியின் பள்ளித் தோழனுக்கும், கோயிலில் அருச்சனை செய்தவர்களுக்கும் நன்றி.

எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானம் தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேல் மெல்லிய படிகங்கள் வளரும். அதைப் புதுப்பனி வந்து மூடினால் அந்தப் பலவீனமான அடுக்கு வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். ஓராளின் பாரம் பட்டாலே போதும், மேலே இறுகிய பனி பாளமாக வெடித்து இறங்கிவிடும். 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில்தான் இது அதிகம். தம்பி கால் வைத்ததும் அப்படியொரு சரிவில்தான்.

அங்கே பிள்ளைகள் இருக்கும் அம்மா அப்பாமாரே, மலைக்குப் போகிறோம் என்றால் தடுக்க வேண்டாம். பனிச்சரிவு ஆபத்தை அறிவிக்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அன்றைய எச்சரிக்கையைப் பார்த்தாயா, கருவி, கம்பி, சவள் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா, பயிற்சி எடுத்தவர்களோடுதான் போகிறாயா என்று கேளுங்கள். ஆபத்து ஐந்து நிலைகளில் மூன்றாவதுதானே என்று அசட்டையாக இருக்க விடாதீர்கள். அந்த நிலையிலேயே பல உயிர்கள் போயிருக்கின்றன.

நண்பர்களே, கொழும்புக்கு வந்தால் ஹோட்டலில் நிற்கக் கூடாது, எங்கள் வீட்டில்தான் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மாவும் அக்காவும்
வெள்ளவத்தை, கொழும்பு 6