கராஜுக்கு கரண்ட் வந்துவிட்டது, அப்பா

லெஸ்டர்
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குப் புது மாத்திரை கொடுத்தார்களே, கேட்கிறதா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வேலையை முதலிலிருந்து விவரமாக எழுதினால்தான் எது சரி, எது தப்பு என்று நீங்கள் சொல்ல முடியும். தோட்டத்துக் கோடியில் தனியாக நிற்கும் கராஜுக்கு கரண்ட் வந்துவிட்டது.

வீட்டிலிருந்து அது 18 மீட்டர் தள்ளி இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து கராஜைத் திறந்தால் ஸ்பேனர் எது, சுத்தியல் எது என்று தெரியாது. இரண்டு குளிர்காலத்தைச் சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தே ஓட்டினேன். திட்டுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் மழையில் பாப்பா அந்த வயரைத் தாண்டி ஓடினாள். அன்றைக்கே சுருட்டி வைத்துவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் வைத்துத்தான் செய்தேன். இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டில் புது சர்க்யூட் இழுத்தால் கவுன்சிலுக்கு, அதாவது நம் நகராட்சி மாதிரி, தெரிந்தாக வேண்டும். தனி கராஜும் அதில் சேர்த்திதான். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் என்றால் அவரே தெரிவித்துவிடுவார், சான்றிதழ் தபாலில் வரும். கூலி அதிகம் என்பதால் பள்ளம் மட்டும் நானே தோண்டினேன். இரண்டு அடி ஆழம், மூன்று சனிக்கிழமை. களிமண் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

இரண்டாவது சனிக்கிழமை மண்வெட்டியில் ஏதோ தட்டியது. வீட்டுக்குள் சுவரில் பதிக்கிற சாதாரண வெள்ளை வயர், நாலு விரல் ஆழத்தில் கிடந்தது! முன்பு இருந்தவர் யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்லவேளை, மறுமுனையில் எதிலும் இணைக்கவில்லை. டெஸ்டரால் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்த பிறகுதான் கை வைத்தேன். அது நீங்கள் பழக்கிவிட்டது.

இப்போது போட்டிருப்பது மில்லில் நீங்கள் போடுவீர்களே, அதே மாதிரி 6 சதுர மில்லிமீட்டர் ஆர்மர்டு கேபிள், இரும்புக் கம்பிக் கவசம் சுற்றியது. கீழே மணல், மேலே மணல், அதற்கும் மேலே எச்சரிக்கை எழுதிய மஞ்சள் டேப். பின்னால் யார் தோண்டினாலும் முதலில் டேப்தான் கண்ணில் படும். நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் இல்லையா? இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான். 2006இலிருந்து புது வயரிங் எல்லாம் பழுப்பும் நீலமும். எங்கள் வீட்டில் பழசும் புதுசும் கலந்திருப்பதால், இரண்டு நிறம் இருக்கிறது, கவனம் என்று எலக்ட்ரீஷியன் போர்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். நம் வீட்டு உருண்டை முள் பிளக்கும் இந்த ஊரிலிருந்து வந்ததுதானாம். இவர்கள் சதுர முள்ளுக்கு மாறிவிட்டார்கள், நாம் அதையே வைத்துக்கொண்டோம்.

அப்பா, நான் எழுத வந்ததே எர்த்தைப் பற்றித்தான். லைட் போடுவதற்கு முன்னால் எர்த்தைப் பார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். எங்கள் வீட்டுக்கு எர்த், தெருவிலேயே நியூட்ரலோடு சேர்ந்து வருகிறது. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் எர்த் ஆகியிருக்கும் இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும். வீட்டுக்குள்ளே எல்லா இரும்பிலும் வோல்டேஜ் ஒன்றாக ஏறுவதால் ஓரளவு தப்பிக்கலாம். வெளியே ஈர மண்ணில் நின்று கராஜின் தகரக் கதவைத் தொட்டால் ஆள் காலி. அதனால் அந்த எர்த்தை அவர் கராஜுக்குக் கொண்டுபோகவே இல்லை. கேபிளின் இரும்புக் கவசத்தை வீட்டுப் பக்கம் மட்டும் எர்த் செய்து, கராஜ் பக்கம் எதிலும் படாமல் விட்டார். கராஜுக்கென்று நாலடித் தாமிர ராடு ஒன்றைத் தனியாக அடித்தார். நம் ஊர் எர்த் குழியில் போடுகிற கரியும் இல்லை, உப்பும் இல்லை! எனக்கு மனசே ஆறவில்லை, அளந்து காட்டச் சொன்னேன். 38 ஓம் வந்தது. மில்லில் இவ்வளவு அதிகமாக வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற டிரிப்பர் கராஜ் போர்டில் இருக்கிறது. அதற்கு இந்த அளவு தாராளம் என்றார். பட்டனை அழுத்திப் பார்த்தேன், டக்கென்று விழுந்தது. கோடையில் மண் காய்ந்தால் மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

ஐந்தடி எல்.இ.டி. ட்யூப் இரண்டு, இரட்டை ப்ளக் பாயிண்ட் இரண்டு, வரும் வழிக்கு வெளியே ஒரு லைட். அவ்வளவுதான். ஒரு ப்ளக் பாயிண்டை மட்டும் பெஞ்சுக்கு மேலே இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறேன். ஜூனில் நீங்கள் வரும்போது குனிய வேண்டியதில்லை.

அப்புறம், போன தடவை வந்தபோது நம் வீட்டு எர்த் பைப் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. மெயினிலும் இன்னும் பீங்கான் ஃப்யூஸ்தான். பணம் அனுப்புகிறேன். பைப்பை மாற்றி, 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் ஒன்றும் போட்டுவிடுங்கள். ஆள் வைத்துச் செய்யுங்கள் அப்பா. நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னால் போதும், குழியில் இறங்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்