எழுபது சென்டிமீட்டர் காம்பு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

காதலர் தினப் பரிசில் பெரியது விலையா, மனமா என்று வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்தோம். ஓசூர், பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்கள் நாங்கள். விலை கூடினால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் மனம்தான் பெரிது என்பதே எங்கள் கட்சி. ஆனால் "மனசு இருந்தால் போதும்" என்று 13ஆம் தேதி ராத்திரி கடைக்கு ஓடிவருகிறவரும் சொல்கிறார். அந்த மனத்தை நாங்கள் சொல்லவில்லை.

விலை எதற்குக் கொடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்கலாம். இங்கே அதிகம் விளைவது தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம். காம்பின் நீளத்தை அளந்து 40, 50, 60, 70 சென்டிமீட்டர் என்று தரம் பிரித்து, 20 பூவை ஒரு கட்டாகக் கட்டுவோம். நீளம் கூடக் கூட விலை ஏறும். நீளக் காம்பில் மொட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 70 சென்டிமீட்டர் பூவை வாங்கிப்போய் என்ன செய்கிறார்கள்? வீட்டில் இருக்கும் பாட்டிலில் நிற்காமல் சாய்கிறது என்று பாதிக் காம்பை வெட்டிப் போடுகிறார்கள். கூடுதலாகக் கொடுத்த காசு அந்தத் துண்டில்தான் இருந்தது. பரிசு பெறுகிறவர் வீட்டில் பூ வைக்க என்ன பாத்திரம் இருக்கிறது என்று யோசித்தவருக்கு 40 சென்டிமீட்டரே தாராளம்.

இன்னொரு பங்கு தேதிக்காகக் கொடுக்கும் விலை. பிப்ரவரி 14க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் பிற்பகுதியிலேயே கவாத்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிடும் வேலை, முடிந்திருக்க வேண்டும். அதிலிருந்து அறுவடைக்கு 45 முதல் 50 நாள். ராத்திரிக் குளிர் கூடினால் நாள் தள்ளிப்போகும், இலையை உதிரவைக்கும் அடிச்சாம்பல் நோயும் வரும். மொட்டு பட்டாணி அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் கையாலேயே ஒரு வலைத் தொப்பி மாட்டுவோம். அது இறுக்கிப் பிடிப்பதால்தான் மொட்டு அவசரப்பட்டு விரியாமல் நீண்டு பருக்கிறது. இத்தனை பாடும் ஒரே வாரத்தைக் குறிவைத்து நடப்பதால் அந்த வாரத்தில் விலை உச்சத்தில் நிற்கும். 15ஆம் தேதிக்குப் பிறகு அதே ரகம், அதே நீளம், விலை இறங்கிவிடும். திருமண நாளையோ பிறந்த நாளையோ நினைவில் வைத்து மற்ற மாதங்களில் வாங்குகிறவர், அதே காசுக்கு நல்ல பூ வாங்கலாம்.

வாங்கும்போது மொட்டின் அடியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதிது. கொழகொழவென்று அமுங்கினால் பழையது. வெளியிதழ் ஒன்றிரண்டு கருத்து, சுருங்கி இருப்பதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். உள்ளிதழ் அடிபடாமல் இருக்க நாங்களே விட்டுவைக்கும் காப்பிதழ் அது, வீட்டில் உரித்துவிடலாம். இதழ் ஒன்றுகூடப் பிரியாத, கல் போன்ற மொட்டையும் வாங்காதீர்கள். பருவத்துக்கு முன் வெட்டியதாக இருந்தால் கடைசிவரை விரியாமலே தலை தொங்கிவிடும். நீல ரோஜா கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இயற்கையில் அப்படி ஒரு செடி இல்லை. வெள்ளை ரோஜாவின் காம்பைச் சாயத் தண்ணீரில் நிறுத்தி ஏற்றிய நிறம் அது, புடவையில் பட்டால் கறை. ஜிகினா தெளித்த பூவும் சீக்கிரம் வாடிவிடும். கண்ணாடித் தாளில் இறுகச் சுற்றிய கொத்து உள்ளே வியர்த்து, ஒரே ராத்திரியில் இதழில் பூஞ்சணப் புள்ளி விழும்.

தலை தொங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் காம்புக்குள் புகுந்த காற்று. அது தண்ணீரை மேலே ஏறவிடாது. காம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே, அடியில் 2 சென்டிமீட்டரைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் காம்புக்குள் தண்ணீர் ஏறும் குழாயை நசுக்கிவிடும். பிறகு பூவை நிமிர்த்திச் செய்தித்தாளில் சுற்றி, கழுத்துவரை தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் பல பூக்கள் எழுந்துவிடும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அழுகினால் கிருமி பெருகிக் காம்பை அடைக்கும். சர்க்கரை மட்டும் போடுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். தினமும் மாற்றிய சுத்தத் தண்ணீரே போதும். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பழுக்கும் வாழைப்பழத்திலிருந்து வரும் வாயு பூவை முதிரச் செய்யும்.

வாசனை பற்றியும் ஏமாற்றம் உண்டு. காம்போடு வெட்டி விற்கும், நாள்பட நிற்கும் கொய்மலர் ரகங்களில் மணம் மிகக் குறைவு. மணம் பிடிக்கும் என்றால் பன்னீர் ரோஜா வாங்குங்கள், விலையும் குறைவு. தலையில் வைக்க ஆசைப்படுகிறவருக்கு கனத்த கொய்மலர் எதற்கு? ஒரு முழம் குண்டுமல்லி போதும். குளிர் மாதங்களில் அதன் வரத்து குறைந்து விலை ஏறும். அப்போது காக்கடா என்ற மல்லி வகை கிடைக்கும், மணம் மட்டாக இருந்தாலும் வெண்மை நிற்கும். சிலருக்கு மல்லி வாசனையே தலைவலி. அவருக்குக் கனகாம்பரம்தான். இதைத் தெரிந்து வைத்திருப்பதைத்தான் நாங்கள் மனம் என்கிறோம்.

அமெரிக்காவில் 2009இல் ஃபிளின், ஆடம்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே வருகிறது. பரிசின் விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள், பரிசு பெற்றவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2011இல் ஜீனோவும் ஃபிளின்னும் செய்த ஆய்வில், கொடுப்பவர் தாமே யோசித்துக் கொடுத்ததைவிட, தாங்கள் கேட்டதைக் கொடுத்ததற்கே பரிசு பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். ஆகவே கேட்டுவிடுவதில் தவறில்லை. கேட்டால் சுவாரசியம் போய்விடும் என்று தயங்குகிறவர்கள், கோயிலுக்குப் போகும் நாளில் அவர் எந்தப் பூவை வாங்குகிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூக்கடையில் ஒரு வாரம் முன்பே நிறம், நீளம், எண்ணிக்கை சொல்லிவிடுங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரிக்குப் பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் காம்பு நுனியை ஈரத் துணியால் சுற்றி, மேலே ஒரு பை கட்டி, ஜன்னல் காற்று படாமல் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் காம்பை மறுபடி வெட்டி அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்திவிட்டு, அப்புறம் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ரோஜா விவசாயிகள் சிலர்,
பாகலூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.