பயந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த தேவபயம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான், தேவபயம் குறைந்துபோயிற்று என்று கட்டுரையாளர் வருத்தப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது முழுக்க இன்னும் தவறு செய்யாதவனுக்காக எழுதினதுபோல இருந்தது. ஏற்கெனவே விழுந்து கிடப்பவன் படித்தால் என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவான். நான் அப்படிப் போனவன், அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அண்ணனிடம் ஒரு பண விஷயத்தில் பொய் சொன்னேன். தொகை சின்னது, பொய்தான் பெரியது, ஒன்றை மறைக்க இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போனது. அந்த நாட்களில் ஆண்டவர் இல்லை என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்ததுதான் பிரச்சினையே. ஜெபம் நின்றுபோனது. ஆராதனைக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில் வெளியே போய் போன் பேசுவதுபோல நிற்பேன். வீட்டில் மேஜைமேல் இருந்த வேதாகமத்தின் மேல் பழைய செய்தித்தாள்களைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், வேண்டுமென்று செய்ததில்லை, ஒரு நாள் குவியல் சரிந்தபோதுதான் அடியில் என்ன இருக்கிறது என்பதே தெரிந்தது.

ஆதாம் செய்ததும் இதுதானே. 'நான் நிர்வாணியாயிருப்பதினால் பயந்து, ஒளித்துக்கொண்டேன்' என்கிறான். ஒளிந்த இடத்தைப் பாருங்கள், தோட்டத்து மரங்களுக்குள், அந்த மரங்களை உண்டாக்கினவரிடமிருந்து! தேவன் அனுப்பின ஊருக்குப் போகாத யோனா அதற்கும் ஒரு படி மேல், யோப்பாவில் கப்பலுக்குக் கூலி கொடுத்து, கைக்காசைச் செலவழித்து ஓடினான். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தச் செய்தித்தாள் குவியலை நினைத்தால் எனக்குச் சிரிக்கும் தகுதி இல்லை.

இயேசுவின் சீடர் பேதுருவின் கதைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முதல் தடவை வலை கிழிய மீன் பிடிபட்டபோது அவர் இயேசுவின் காலில் விழுந்து, 'நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்' என்றார். அப்போது அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பிறகு, மறுபடியும் வலை நிறைய மீன், கரையில் நிற்பது கர்த்தர் என்று தெரிகிறது. 'போய்விடும்' என்று சொல்ல இந்த முறைதான் அவருக்கு உண்மையான காரணம் இருந்தது. அவரோ வஸ்திரமில்லாமல் இருந்ததால் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். ஆதாமும் அதே நிலையில்தான் இருந்தான், அவன் மரத்துக்குள் போனான், இவர் தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்துப் போகிறார், ஏறக்குறைய 200 முழத் தூரம், படகு போய்ச் சேரட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லை. கரையில் கரிநெருப்பு இருக்கிறது. மறுதலித்த ராத்திரியில் அவர் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான், சுவிசேஷத்தில் யோவான் இரண்டு இடத்திலும் அதே சொல்லைப் போடுகிறார். அங்கே 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று தடவை இயேசுவின் கேள்வி வருகிறது, மூன்றாவது தடவை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. கிட்டப் போனால் வலிக்காது என்று நானும் சொல்லவில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டவன்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான், பாவஞ்செய்தேன் என்று வாய்திறந்து சொன்னான். ஆனால் சொன்னது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் 'எங்களுக்கென்ன, அது உன்பாடு' என்று கைவிரித்துவிட்டார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி, ஜெபம் என்று சொல்லிக்கொள்ளவே முடியாத ஒரு ஜெபம் செய்தேன். 'எனக்கு உம்மிடம் வரவே பயமாக இருக்கிறது' என்றேன், அவ்வளவுதான். அந்தப் பயத்தையே அவரிடம் சொல்லலாம் என்பது அதுவரை தோன்றவே இல்லை. தரிசனம், சத்தம் எதுவும் கிடையாது, சுமாராகத் தூங்கினேன். மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். 'தெரியும்டா, நீயா சொல்றியான்னு பார்த்துட்டு இருந்தேன்' என்றார். அப்புறம் அரை மணி நேரம் திட்டியதும் உண்மை.

சரி, கட்டுரையாளரிடம் ஒரு கேள்வி. யாத்திராகமம் 20-ம் அதிகாரம் 20-ம் வசனத்திலிருந்து 'தேவனைப் பற்றும் பயம் உங்கள் முகத்திற்கு முன்பாக இருப்பதற்காகவும்' என்ற பகுதியை எடுத்துத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். இடியும் புகையுமாயிருந்த சீனாய் மலையடியில் நடுங்கி நின்ற ஜனங்களிடம், அதே வசனத்தில் மோசே வாய் திறந்ததும் சொல்லும் முதல் வார்த்தை 'பயப்படாதிருங்கள்'. அதை ஏன் விட்டுவிட்டார்? அடுத்த வசனத்தில் ஜனங்கள் தூரத்திலே நிற்கிறார்கள், மோசே தேவன் இருந்த கார்மேகத்துக்குச் சமீபமாய்ச் சேருகிறார். இடியும் புகையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள், அதில் 21-ம் வசனத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்