மேட்டில் தறி போட இடம் வேண்டி மனு

அனுப்புநர்: பவானி காவிரிக்கரையோர ஜமக்காள நெசவுக் குடும்பங்கள்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஈரோடு
பொருள்: ஆற்றங்கரை அரிப்பு, மாற்று இடம்

வணக்கம்ங்க.

2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது எங்களைப் பத்திரமாக மேட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்கள் பாடு ஆரம்பிக்கிறது.

ஜமக்காளம் நெய்வது குழித்தறியில். வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான், அப்புறம் சேற்றை வழித்துப் போட்டாலும் அடியில் ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும், அதில் காலை விட்டு மிதி மிதிக்க முடியாது, தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலும் நனைந்து வீணாகிவிடும். குழி காய்கிற வரைக்கும் கூலி இல்லை.

இன்னொன்று. கரை அதிகம் சரிவது வெள்ளம் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. எதிரே தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று இறங்கியதும் ஊறிப்போன மண் தன் பாரத்திலேயே பிளந்து விழும். அபாயம் நீங்கியது என்று வீட்டுக்கு அனுப்புகிற நாளில்தான் கரையை யாராவது வந்து பார்க்க வேண்டும், பொதுப்பணித் துறையோ நீர்வளத் துறையோ யார் வந்தாலும் சரி.

தடுப்புச் சுவர் மட்டும் போதும் என்று நாங்கள் கேட்கவில்லை. கடலோரத்தில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேர்ந்து அடுத்த ஊர்க்கரையைக் கடல் அரிக்கிறது, அதேபோல இந்தக் கரையில் மட்டும் சுவர் வைத்தால் தண்ணீர் எதிரே குமாரபாளையத்துக்காரர்கள் கரையில் போய் மோதும். அவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். நாமக்கல் மாவட்டத்தோடு சேர்ந்து இரண்டு கரைக்கும் ஒன்றாகத் திட்டம் போடுங்கள்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது இடம். தயவுசெய்து தொலைவில் அடுக்குமாடி வீடு கொடுத்துவிடாதீர்கள், மாடியில் குழி வெட்டித் தறி போட முடியாதுங்க. நூலும் சாயமும் வாங்குகிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், பட்டாவோடு தரைவீடும் தறிக்கு ஒரு கொட்டகையும் வேண்டும். அதுவரைக்கும் வெள்ள நிவாரணத்தில் வீட்டோடு தறியையும், நனைந்த பாவையும், வேலை இல்லாத நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

ஆடிப்பெருக்குக்கு முன்னால் ஒருமுறை நேரில் வாருங்கள். எந்தெந்த இடத்தில் கரை விண்டிருக்கிறது என்று நாங்களே கூட வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கரையோர நெசவுக் குடும்பத்தார்